ஆறு மாதக் குழந்தைக்கு வீட்டு உணவும் வீட்டுப் பாதுகாப்பும்: எதைச் செய்து பார்க்கலாம், எதைச் செய்து பார்க்கக் கூடாது?

குழந்தைக்கு ஐந்தரை மாதம் ஆகிறது, குப்புற விழுந்து புரளத் தொடங்கிவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். டப்பா மாவு வேண்டாம், எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பது உங்கள் முடிவு. ஆனால் உங்கள் அம்மா சொல்வது ஒன்றாகவும் உங்கள் அத்தை சொல்வது வேறாகவும் இருக்கிறது. வீடோ ஆணி அடிக்கக்கூட உரிமையாளரைக் கேட்க வேண்டிய வாடகை வீடு, அதுவும் இரண்டாவது மாடி. "யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் செய்து பார்த்து, தவறித் திருத்தித்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

பாதிக்கு ஆம், பாதிக்கு இல்லை என்பதே என் பதில். உணவில் பெரும்பகுதியைச் செய்து பார்த்துத்தான் கற்க முடியும். கஞ்சி நீர்த்துப் போனாலும், கட்டி தட்டினாலும், குழந்தை துப்பிவிட்டாலும் அடுத்த வேளை திருத்திக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் வாளி, கற்பூரம், மின்சாரம், தொண்டையில் அடைக்கும் கடலை ஆகியவற்றில் முதல் தவறே கடைசித் தவறாகிவிடக்கூடும் என்பதால் அங்கே பிறர் தவறுகளிலிருந்து மட்டுமே நாம் கற்க வேண்டும். உணவியல் படித்து, குழந்தைகள் நலப் பிரிவில் பல ஆண்டுகள் உணவு ஆலோசகராகப் பணியாற்றி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில், இந்த இரண்டுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உணவு. முதல் ஆறு மாதம், அதாவது 180 நாள், தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு இணை உணவைத் தொடங்கி, இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உங்கள் அத்தை சொல்வதுபோல ஐந்தாம் மாதத்திலேயே கஞ்சித் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மா சொல்வதுபோலப் பல் முளைக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. பிறக்கும்போது குழந்தை தன் உடலில் சேமித்துக் கொண்டுவந்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் குறையத் தொடங்குகிறது; தாய்ப்பால் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஆகவே உணவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் சோகையை நெருங்கும் மாதம். நாள்கணக்கோடு குழந்தையையும் பாருங்கள்: மடியில் சாய்த்து உட்காரவைத்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும், நீங்கள் சாப்பிடுவதைக் கண்டு வாய் திறக்க வேண்டும், கரண்டியில் கொடுத்ததை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும்.

நான் செய்த முதல் தவறு, பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறுதான். என் மூத்த மகனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் பதினாறு பொருள் சேர்த்த சத்துமாவை உறவினர் ஒருவர் அன்போடு அரைத்துக் கொடுத்தார். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய் எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் நாள் குழந்தையின் முதுகிலும் தொடையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. எந்தப் பொருளால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மாவையே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பொருளாக மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று, அதற்குள் ஐந்து வாரம் கழிந்துவிட்டது. செய்து பார்த்துக் கற்பது என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பதினாறை ஒரே நாளில் மாற்றினால் நடந்ததிலிருந்து எதையும் கற்க முடியாது. ஆகவே முதலில் தனிப்பொருள், அதைத் தொடர்ந்து மூன்று நாள், பிறகு அடுத்தது. நாட்காட்டியில் தேதிக்கு நேரே பொருளின் பெயரையும், மலம், தோல், தூக்கம் ஆகியவற்றில் கண்ட மாற்றத்தையும் ஒரு சொல்லில் எழுதிவையுங்கள். உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். தூக்கமில்லாத மாதங்களில் எதுவும் நினைவில் நிற்பதில்லை.

எதில் தொடங்குவது என்பதில் இத்தனை சண்டை தேவையில்லை. குழைய வேகவைத்து மசித்த பச்சரிசிச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், ஆவியில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, கேரட் ஆகிய எதுவும் நல்ல தொடக்கமே. கன்னியாகுமரிப் பக்கத்தார் மட்டிப் பழத்தையும், நெல்லைக்கும் கேரளத்துக்கும் அருகில் உள்ளவர்கள் ஏத்தங்காயை நறுக்கிக் காயவைத்து அரைத்த பொடியையும் முதல் உணவாகக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். இரண்டும் எளிதில் செரிப்பவை. ஆனால் பழத்தோடும் கிழங்கோடும் ஒரு மாதம் நின்றுவிடாமல், இரண்டாம் வாரத்திலேயே பருப்பைச் சேர்த்துவிடுங்கள்.

அளவைப் பற்றிப் பதற்றம் வேண்டாம். முதல் நாள்களில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். எட்டாம் மாதத்துக்குள் அது மெல்ல அரைக் கிண்ணத்தை, அதாவது 125 மில்லி அளவை எட்டினால் சரி. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு மாதத்தில் உணவிலிருந்து நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 200 கலோரி. ஒன்பது முதல் பதினோரு மாதத்தில் சுமார் 300. ஒரு வயதுக்கு மேல் சுமார் 550.

இந்த எண்களைக் காட்டிலும் முக்கியமானது கெட்டித்தன்மை. இங்கேதான் அக்கறையுள்ள தாய்மார்களும் தவறுகிறார்கள். குழந்தையின் வயிறு சிறியது. எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லி மட்டுமே ஒரு வேளையில் கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தைக்கு அது 240 மில்லி. அந்த இடத்தை நீர்த்த கஞ்சியாலும் பருப்புத் தண்ணீராலும் நிரப்பிவிட்டால் வயிறு நிறையும், சத்து சேராது. எடை ஏறாத குழந்தையோடு ஆலோசனைக்கு வந்த தாய்மார்களில் பலர், "நாலு வேளையும் குடிக்கிறான் மேடம்" என்றுதான் சொல்வார்கள். கொண்டுவந்த கிண்ணத்தைத் திறந்தால் அடிப்பாகம் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர் இருக்கும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உணவு வழிந்தோடாமல் தங்க வேண்டும், அதுதான் அளவுகோல்.

ஆனால் கெட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் பசைபோல ஆகிவிடும், குழந்தையால் விழுங்க முடியாது என்பதும் உண்மை. இதற்கான தீர்வு நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: முளைகட்டுதல். கேழ்வரகைக் கழுவிக் கல் அரித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்வரை வைத்திருந்தால், தானியத்துக்குள் அமைலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிப்பதால், அதே அளவு மாவு போட்டாலும் கூழ் இறுகுவதில்லை. மாறாக, கூடுதல் மாவு போட்டும் இளக்கமாகக் காய்ச்சலாம். முளைவிட்ட கேழ்வரகை நன்றாக உலர்த்தி, முளையை உதிர்த்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். நான் முதல் முறை மணம் வரவேண்டும் என்று கருக வறுத்துவிட்டேன். மாவு மணத்தது, ஆனால் கூழ் பழையபடியே இறுகியது, ஏனென்றால் அந்தச் சூட்டில் நொதி அழிந்துவிட்டது. இன்னொரு முறை மழை நாளில் முளைகட்டி, சரியாக உலராமல் புளித்த வாடை வந்துவிட்டது. அதைத் தயங்காமல் கொட்டிவிட்டேன். பூஞ்சை பிடித்த தானியத்தை வறுத்தாலும் அதன் நஞ்சு போய்விடுவதில்லை. வெயில் உள்ள வாரத்தில் மட்டும் முளைகட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வராதபடி சிறிய அளவில் அரைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முளைமாவைத் தனியாகக் காய்ச்சலாம். அல்லது கெட்டியாக வெந்த எந்தக் கஞ்சியிலும், இறக்கிச் சற்றே ஆறியபின் ஒரு சிறு கரண்டி கலந்து சில நிமிடம் விட்டால் கண் முன்னே இளகுவதைக் காணலாம். அதன் பிறகு மறுபடி ஒரு கொதி வரும்வரை அடுப்பில் வைத்து இறக்க வேண்டும். முளைகட்டிய ஈரத்தில் கிருமிகளும் வளர்ந்திருக்கும் என்பதால் இந்த இரண்டாம் கொதியை விட்டுவிடக் கூடாது.

அரவை மில் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் மிளகாய் வற்றல் அரைத்த இயந்திரத்தில் குழந்தையின் மாவை அரைத்தால் காரம் ஏறிவிடும். ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டித் துடைத்தபிறகும் ஏறும். மாவு அரைப்பதற்கென்றே தனி இயந்திரம் உள்ள மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள், இல்லையென்றால் வீட்டு மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்து மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். வசதி குறைந்த வேளைகளில் அங்கன்வாடியில் ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் இணை உணவு மாவையும் ஒதுக்க வேண்டாம். உங்கள் பகுதி மையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

தானியமும் பருப்பும் சேர்வதில் ஒரு கணக்கு உண்டு. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு என்று குழைய வேகவைத்து, அரைக் கரண்டி நெய் விட்டு மசித்தால், எந்த விலையுயர்ந்த டப்பாவுக்கும் குறையாத உணவு கிடைத்துவிடும். அசைவம் உண்ணும் குடும்பமாக இருந்தால் முட்டையை நன்றாக வேகவைத்தும், முள் நீக்கிய மீனை மசித்தும், கோழியை அல்லது ஆட்டு இறைச்சியை நைய அரைத்தும் ஆறாம் மாதத்துக்குப் பிறகு தாராளமாகச் சேர்க்கலாம். இரும்புச்சத்து மிக எளிதாக உடலில் சேரும் வழி இதுதான். ஆட்டு ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அதை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சைவக் குடும்பமானால் கீரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்; கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பில் சிறு பகுதியே உடலில் சேரும். அதே வேளையில் தக்காளியோ, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ, கொய்யாவோ சேர்ந்தால் அந்தப் பகுதி கூடுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்துச் சொட்டு மருந்து அரசுத் திட்டத்தில் தரப்படுகிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்குங்கள். நீங்கள் பால், முட்டை எதுவும் சேர்க்காதவராக இருந்தால் உங்களுக்கும் குழந்தைக்கும் பி12 பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

உணவிலும் செய்து பார்க்கக் கூடாத சில உண்டு. தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் பெரியவர்கள் குடலில் வளர்வதில்லை, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கக்கூடும். வீட்டில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. பசும்பாலை ஒரு வயது வரை முக்கியப் பானமாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்பு குறைவு என்பதோடு, குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது உண்டாக்கலாம். சமைத்த உணவில் சிறிது பாலோ தயிரோ சேர்வதில் தவறில்லை. உப்பும் சர்க்கரையும் முதல் ஆண்டில் தேவையே இல்லை. உப்பில்லாத சாதம் நமக்குத்தான் சப்பென்றிருக்கும், அதன் சுவையை முதல் முறையாக அறிகிற குழந்தைக்கு இல்லை. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

உரை மருந்து பற்றி உங்கள் அத்தை சொன்னதை மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு ஆகியவற்றைக் கல்லில் இழைத்துப் புகட்டுவது அவர்கள் காலத்தில் அன்பின் அடையாளமாக இருந்தது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் உண்டு. ஆனால் எத்தனை இழை இழைத்தால் எவ்வளவு இறங்கும் என்பதற்கு எந்த அளவும் இல்லை. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருளின் தீங்கு காரணமாக அமெரிக்கா 1968இல் அதை உணவில் சேர்ப்பதையே தடை செய்தது. கையில் வசம்பு வளையல் கட்டுவதாக இருந்தாலும், வாயில் போட்டுக் கடிக்கும் வயது இது என்பதை நினைவில் வைத்து அவிழ்த்துவிடுங்கள்.

ஒவ்வாமைக்குப் பயந்து நிலக்கடலையையும் முட்டையையும் ஒரு வயதுக்கு மேல் தள்ளிவைக்கும் பழக்கம் இப்போது மாறிவிட்டது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நான்கு முதல் பதினோரு மாதத்துக்குள் நிலக்கடலையைத் தொடங்கித் தொடர்ந்து உண்டவர்களிடம் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே அரைத்து நீர்க்கக் கலக்கிய கடலை விழுதைக் காலை வேளையில், நீங்கள் அருகில் இருக்கும் நாளில், ஒரு கரண்டி நுனியளவு தொடங்குங்கள். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் (எக்சிமா என்னும் தோல் அழற்சி) இருந்தாலோ, முட்டையால் ஏற்கெனவே தடிப்பு வந்திருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். உதடு வீங்குவது, உடல் முழுதும் தடிப்பு, அடுத்தடுத்து வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சேமிப்பில் என் அனுபவம் எளிமையானது. மசித்த உணவைச் சூடு ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு நாள் வரை வைத்துக்கொள்ளலாம்; நாலைந்து மணி நேரம் மின்சாரம் போயிருந்தால் கொட்டிவிட வேண்டும். குழந்தை உண்ட கிண்ணத்தில் மீந்தது எச்சில் கலந்தது, அதை எடுத்து வைக்கவே கூடாது. காய் மசியலை ஐஸ் தட்டில் உறையவைத்து, வேண்டிய கட்டியை மட்டும் எடுத்து ஒரே முறை நன்றாகச் சூடாக்கிக் கொடுப்பது வேலைக்குப் போகும் தாய்க்கு உதவும். குழந்தை ஓர் உணவைத் துப்பினால் அது பிடிக்கவில்லை என்று பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். பூசணியை என் மகள் ஒன்பது முறை துப்பினாள். பத்தாவது முறை கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். எட்டுப் பத்து முறை அறிமுகமான பிறகே புதுச் சுவை பழகுவது குழந்தைகளின் இயல்பு. கட்டாயப்படுத்தி வாயில் திணிப்பதும், கைப்பேசியில் படம் காட்டி ஏமாற்றி ஊட்டுவதும் அந்தப் பழக்கத்தைத் தாமதப்படுத்தவே செய்யும்.

இனி வீடு. இங்கே முறை தலைகீழாக வேண்டும்: குழந்தை செய்யத் தொடங்கியபின் தடுப்பதல்ல, அடுத்துச் செய்யப்போவதற்கு ஒரு படி முன்னால் இருப்பது. இப்போது புரளும் குழந்தை சில வாரங்களில் உட்காரும், எட்டு ஒன்பது மாதத்தில் தவழும், அதை ஒட்டியே எதையாவது பிடித்து நிற்கும். ஆகவே தவழ்வதற்கான ஏற்பாட்டை இந்த மாதமே முடித்துவிட வேண்டும். ஒரு மாலை நேரம் நீங்களும் உங்கள் கணவரும் முழங்காலிட்டு வீடு முழுவதும் தவழ்ந்து பாருங்கள். நிற்கும்போது தெரியாத வயர், கட்டிலுக்கடியில் கிடக்கும் மாத்திரை உறை, மேசைவிரிப்பின் தொங்கும் நுனி, சோபாவுக்குப் பின்னால் விழுந்த சேஃப்டி பின் எல்லாம் அந்த உயரத்தில்தான் தெரியும். ஓர் அட்டையை மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டத்தில் குழலாகச் சுருட்டிக்கொண்டு, அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொண்டு அப்புறப்படுத்துங்கள்.

நான் கைக்காசு செலவழித்துக் கற்றது ஒன்று உண்டு: மூடுவதைவிட அகற்றுவதே மேல். டீப்பாயின் கூர்முனைகளுக்கு ஒட்டும் ரப்பர் மூலைகளை வாங்கி ஒட்டினேன்; மகன் அவற்றைப் பிய்த்து வாயில் போட்டுக் கடித்தான், பாதுகாப்புக்கு வாங்கியதே தொண்டைக்கு ஆபத்தாயிற்று. டீப்பாயையே ஓராண்டு பரணில் ஏற்றியபோது பிரச்சினை தீர்ந்தது. சுவிட்சுப் பலகையின் துளைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டேன். அதையும் நகத்தால் நெம்பினான். உள்ளே தடுப்பு உள்ள சாக்கெட்டாக மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும், வாடகை வீட்டிலும் உரிமையாளர் மறுக்க மாட்டார். 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் மின்பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் முதல் வேலையாகப் பொருத்தச் சொல்லுங்கள். கைப்பேசி சார்ஜரை மாட்டியபடியே தரையில் தொங்கவிடும் பழக்கத்தை வீட்டில் உள்ள அனைவரும் விட வேண்டும். அந்த நுனி நேரே வாய்க்குத்தான் போகும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகளை வெளிநாட்டுப் பட்டியல்கள் சொல்வதில்லை. பூசை மாடத்துக் கற்பூரம் கற்கண்டு போலவே இருக்கும். சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். சளிக்கென்று அதை எண்ணெயில் கரைத்து மார்பில் தடவுவதும் மூக்கருகே வைப்பதும் கைக்குழந்தைக்கு வேண்டாம். யூகலிப்டஸ் தைலமும் சில மில்லியிலேயே நினைவு தப்பச் செய்யும். பீரோவின் அந்துருண்டை, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெய் அல்லது கழிவறை அமிலம், கொசு விரட்டித் திரவம், டியூப்பில் வரும் எலிப்பசை ஆகியவை வீட்டில் இருக்கவே கூடாது, இருந்தே ஆக வேண்டுமானால் பூட்டிய உயரத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு மாற்று மருந்து கிடையாது. முதல் நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு கல்லீரல் செயலிழக்கும். இவற்றில் எதைக் குடித்திருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மண்ணெண்ணெயானால் வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் உள்ள பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சுவரை அரித்துவிடும். மூடி திருகாணியால் இறுக்கப்படாத எந்தப் பொருளையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

தண்ணீர்தான் எனக்கு இன்றும் கைநடுக்கம் தருவது. பத்து மாதத்தில் என் மகன் குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்து, பாதி நிறைந்த வாளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிய நேரம் மட்டுமே கடந்திருந்தது. இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம் என்பதால் கவிழ்ந்த குழந்தையால் எழ முடியாது, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரும் போதும், சத்தமும் கேட்காது. தண்ணீர் பிடித்துவைத்தே ஆக வேண்டிய வீடுகளில் மூடிபோட்ட டிரம்மும், வெளியிலிருந்து போடக்கூடிய உயரமான தாழ்ப்பாளும் வேண்டும். மற்ற வாளிகள் குளித்து முடிந்ததும் கவிழ்க்கப்பட வேண்டும். கீழ்த்தளத்துச் சம்பின் மூடியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சமையலறையில் தடுப்புக் கதவு வைக்க முடிந்தால் வையுங்கள். சாம்பார், ரசப் பாத்திரங்களைத் தரையில் பரப்பிவைத்துச் சாப்பிடும் பழக்கத்தையும், அரிவாள்மனையைப் படுக்கவைத்துவிட்டுப் போவதையும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்த வேண்டும். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். இட்லி மாவு, பற்பசை, மை எதையும் பூசக் கூடாது. மாடி வீடு என்பதால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியை அளந்து, குழந்தையின் தலை நுழையும் அளவுக்கு இருந்தால் வலை கட்டி, அருகில் ஏறி நிற்கக்கூடிய நாற்காலியோ பூந்தொட்டியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் வைத்த வாக்கர் வாங்கவே வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை, படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் கொண்டுசெல்லும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று பின்னாலிருந்து தள்ளுகிறது, நிற்கப் பழகியபின் சமதளத்தில் நீங்கள் உடனிருக்கக் கொடுக்கலாம். சேலைத் தூளியைப் பொறுத்தவரை, புரளத் தொடங்கிய குழந்தையை அதில் தூங்கவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள். சமமான, கெட்டியான மெத்தையில் மல்லாந்து படுக்கவைப்பதே பாதுகாப்பு. வீட்டில் பெரிய குழந்தைகள் இருந்தால், தூளி காலியாக இருக்கும்போது அவிழ்த்தே வைக்க வேண்டும். அதில் சுழன்று விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகளை நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம்.

உணவும் பாதுகாப்பும் சந்திக்கும் இடம் தொண்டை. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பொரி, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, கொட்டையுள்ள பழம் ஆகியவை நான்கு வயதுவரை அப்படியே கொடுக்கக் கூடாதவை. குமட்டுவதும் அடைப்பதும் வேறு: சத்தத்தோடு குமட்டி இருமும் குழந்தை தானே வெளியே தள்ளிவிடும், அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருங்கள், சத்தமே வராமல் மூச்சுத் திணறினாலோ முகம் நீலம்பாரித்தாலோ அதுதான் அடைப்பு. உடனே குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாத்தி, மார்பெலும்பின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளிவரும்வரை மாறிமாறிச் செய்ய வேண்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். இதை ஒரு பொம்மையை வைத்து உங்கள் கணவரும் அத்தையும் பழகிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் யார் அருகில் இருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும், அங்கே எதுவும் இந்த வீட்டைப்போல் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்காது. போய் இறங்கியதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கிணற்றடி, மாட்டுத் தொட்டி, உரலில் தேங்கிய நீர், திண்ணையின் உயரம், பூச்சிமருந்து வைத்திருக்கும் கொட்டகை ஆகியவற்றை மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். மருந்துக் கொட்டகைக்குப் போட ஒரு பூட்டையும் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள்.